கையெழுத்துக்கு முன் விவரம் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எங்கள் முக்கூடல் பக்கத்தில் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது எடுக்கிறார்கள்?" என்பதுதான். மார்பகம் முழுவதையும் எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று நம்புகிறார்கள். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டாலும் ஆயுளில் வேறுபாடு இல்லை என்று, 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் 2002-லேயே காட்டிவிட்டன. எல்லோருக்கும் அது பொருந்தாது. கதிர்வீச்சுக்காக வாரக்கணக்கில் திருநெல்வேலிக்கு பஸ் ஏற முடியாது என்று முழுவதும் எடுக்கச் சொல்லும் பெண்களும் உண்டு. அதுவும் நியாயமான காரணமே. ஆனால் முழுவதும் எடுத்த பிறகும் சிலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும் என்பதை அவர்களிடம் முன்பே சொல்ல வேண்டும்.

என் மதினி மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுபவர். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை, வார்டு வராந்தாவில் ஒப்புதல் தாளை நீட்டினார்கள். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தால் கை வீங்கக்கூடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கையை நம்பிப் பிழைப்பவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுவல்லவா! முன்பே சொல்லியிருந்தால், தோள் இறுகாமலிருக்கச் செய்யும் பயிற்சிகளையும் முன்கூட்டியே கற்றிருப்பார்.

என்னென்ன சிகிச்சை வழிகள், கட்டி ஹார்மோனால் வளரும் வகையா என்று பார்க்கும் பரிசோதனையின் முடிவு என்ன, முதலில் கீமோவா அறுவையா, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்த வேண்டுமா, முதலமைச்சர் காப்பீட்டில் எவை அடங்கும் என்பதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதி, சில நாட்கள் முன்னதாகவே நோயாளி கையில் கொடுக்க மாவட்ட நிர்வாகம் எல்லா மருத்துவமனைகளுக்கும் உத்தரவிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, முக்கூடல்