ஓடைப் புளியை வெட்டாதே

அன்புள்ள சங்கரா,

கடிதம் கிடைத்தது. அத்தையின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பாண்டிச் சித்தப்பா இன்னும் அந்தப் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லையாமே, தரமாட்டார், விட்டுவிடு.

ஓடையோரப் புளியமரங்களை விறகுக்குப் பேசிவிட்டதாகவும், அதற்கு ஈடாகச் சிட்டுக்குருவிப் பெட்டி மாட்டப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்தப் புளியில் சாம்பல் அணில் குடியிருக்கிறதே, அதன் வீட்டுக்குக் குருவிப் பெட்டி எப்படியடா ஈடாகும்?

பெட்டி மாட்டு, நல்லதுதான். துளை 32 மில்லிமீட்டர் போதும். பெரிதானால் மைனா புகுந்துவிடும். துளைக்குக் கீழே குச்சி வைக்காதே, காக்கை உட்கார்ந்து குஞ்சை இழுக்கும். மேற்கு வெயில் படாத சுவரில், எட்டடி உயரத்தில், இரண்டு மூன்றாகச் சேர்த்து மாட்டு. கூட்டமாகக் கூடு கட்டும் பறவை. குஞ்சுக்குப் புழு வேண்டும், கத்தரிக்கு மருந்தடித்தால் பெட்டி காலியாகத்தான் கிடக்கும்.

ஆனால் குருவி, மனிதன் குடியிருக்கும் இடமெல்லாம் பிழைக்கிற ஜாதி. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுக்க எண்ணிக்கை நிலையாக இருக்கிறது என்கிறது. எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் செம்பட்டியலில் குருவிக்கு ஆபத்தில்லை. உன் புளியில் இருக்கிற சாம்பல் அணிலோ அதே பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கிவிட்ட இனம். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. இதற்காகத்தான் 1988இல் திருவில்லிபுத்தூரில் சரணாலயமே அமைத்தார்கள். முற்றத்து அணிலும் இதுவும் ஒரே குடும்பம், அத்தோடு சரி. இது பெரிய அணில்கள் அடங்கிய ரட்டூஃபா பேரினம், மலையணிலுக்குத்தான் பங்காளி.

தரைக்கு இறங்குவது அபூர்வம். பக்கத்து மரத்தின் கிளை வந்து தொடுகிற கவட்டையாகப் பார்த்துத்தான் கூடு கட்டும், கழுகு வந்தால் பாய்ந்து தப்ப. ஓடைக்கும் மாந்தோப்புக்கும் நடுவே உன் புளிவரிசைதான் வழி. நடுவில் இரண்டு மரம் போனாலும் இறங்கி ஓடவேண்டும், நாய் விடாது. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான். போனால் சுலபத்தில் ஈடாகாது சங்கரா.

விறகு வேண்டுமென்றால் பட்ட கிளையை மட்டும் கழி. ஒன்றையொன்று தொடும் கிளைகளில் அரிவாள் படக்கூடாது, கொடிகளையும் அறுக்காதே. உச்சியில் குச்சியும் இலையுமாக உருண்டையாய்த் தெரிந்தால் அந்த மரத்தில் கையே வைக்காதே. காலிக்கூடு என்று ஆள் சொல்வான், நம்பாதே. ஓர் அணிலுக்கே பல கூடு உண்டு.

முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. எவ்வளவு என்று எழுது, பாதியை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராசு