கீழே போக முடியாது, மேலே வரச் சொல்

ஆண்டர்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. மூட்டுவலிக்கு நீ எழுதியிருந்த வைத்தியத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். "முதல்ல அவருக்குக் குணமாகட்டும், அப்புறம் நாம பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாள். சின்னவளுக்கு ஓசூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பெரியவன் வழக்கம்போல விடியற்காலை வண்டியில் பெங்களூர் போய் இருட்டிய பிறகு திரும்புகிறான். எனக்கு சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றபடி சௌக்கியம்.

உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். பாழடைந்த கட்டடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுக்கிற கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான் என்று எழுதியிருந்தாய். திட்டுகிறாயா, பெருமைப்படுகிறாயா என்று உன் எழுத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. தனுஷ்கோடி முடிந்தது, அடுத்தது தங்கவயல், "பெரியப்பா சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போவாரா கேளுங்க" என்றானாம். முடியாதப்பா. நான் என்ன, யாரும் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஏன் என்று எழுதுகிறேன், அவனுக்கு அப்படியே வாசித்துக் காட்டு.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். மூடிய பிறகு பம்புகள் நின்றன. பூமிக்குள் அவ்வளவு ஆழம் போனால் நாலா பக்கமும் தண்ணீர் கசியும். இரவு பகலாக அதை இறைத்து மேலே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் மனிதன் கீழே நிற்கலாம். இறைப்பது நின்றால் தண்ணீர் அடியிலிருந்து ஏறும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டருக்கு மேல் ஆழம். மைசூர் மைன், நந்திதுர்க், ஊரகம் எல்லாம் அதே தங்க ரேகையைப் பிடித்துக்கொண்டு போனவைதான். நாலும் சேர்ந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குடைந்திருக்கிறோம். அதில் பெரும்பகுதி இன்று தண்ணீருக்குள். நாங்கள் சர்வே ஆபீசில் வரைந்து வைத்த வரைபடம் முழுக்க இப்போது மீனே இல்லாத ஒரு குளத்தின் படம்.

தண்ணீர் எட்டாத மேல்மட்டங்களில் இறங்கிப் பார்க்கலாமே என்று பையன் கேட்பான். அங்கேதான் பெரிய ஆபத்து. விசிறி நின்றுபோன சுரங்கத்தில் காற்று தேங்கும். பழைய தாங்குமரங்கள் மக்க மக்க ஆக்சிஜன் குறையும். பாறையில் இருக்கிற கந்தகத் தாதுவும் ஆக்சிஜனைத் தின்னும். கரியமில வாயு கனமானது, பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாற்றம் கிடையாது, நிறம் கிடையாது. மேலே இருப்பவனிடம் பேசிக்கொண்டே ஏணியில் இறங்குகிறவன் பாதிப் பேச்சில் சரிந்து விழுவான். இன்னொன்றும் உண்டு. மழை மேகம் திரண்டு வெளியே காற்றழுத்தம் குறைகிற நாளில், உள்ளே தேங்கிய காற்று சாஃப்ட் (சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழி) வாய் வழியாக வெளியே வரும். நேற்று ஒருவன் போய்த் திரும்பிய இடம் இன்று கொல்லும். கேபிளுக்கும் இரும்புக்கும் ஆசைப்பட்டு இறங்கிய சிலர் அப்படித்தான் மூச்சு முட்டிச் செத்தார்கள். கயிறும் டார்ச்சும் வைத்திருக்கிறேன், தைரியம் இருக்கிறது என்றெல்லாம் உன் மகன் சொன்னால் இதைத் திருப்பி ஒருமுறை படி.

சுரங்கம் ஓடிய காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்கிறேன். ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் நெருக்கி நிற்போம். கீழே போகப் போகக் காது அடைக்கும், சூடு ஏறும். ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். மேலே குளிரூட்டும் ஆலை வைத்துக் குளிர்ந்த காற்றைக் கீழே அனுப்பினார்கள். அப்படியும் கோவணத்தோடு வேலை செய்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தங்கக் கல்லை வெட்டி எடுத்த வெற்றிடம் நசுங்காமல் இருக்க, மேலேயிருந்து கருங்கல்லை இறக்கிச் சுவர் கட்டினார்கள். பாறைக்குள் பாறையால் கட்டிய சுவர்! என் அப்பா காலத்துக் கொத்தர்கள் கட்டியது. கோயில் மதில் கட்டியிருந்தால் நாலு பேர் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள்.

இவ்வளவு கட்டியும் சில சமயம் பாறை வெடிக்கும். நாங்கள் அதை 'ஏர் பிளாஸ்ட்' என்போம். மேலே இருந்து அழுத்துகிற பாரம் தாங்காமல் பாறை தானாகவே சிதறுவது. ராத்திரி லைன் வீட்டில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், படுத்திருப்போம், அலமாரியில் தட்டு ஆடும், தரை ஒரு குலுக்கு குலுக்கும். அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவாள். தெருவில் பார்த்தால் எல்லா வீட்டுப் பெண்களும் சாஃப்ட்டை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். சுரங்கம் மூடிய பிறகும், தண்ணீர் ஏறுகிற பாரத்தில், அந்தக் குலுக்கல் வந்ததுண்டு.

உன் மகன் இன்ஜினியரிங் படித்தவன், இதையும் சொல். வானத்தை ஆராய்கிறவர்கள் எங்கள் சுரங்கத்தில்தான் இறங்கினார்கள். மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தன. விண்வெளியிலிருந்து வருகிற மற்ற காஸ்மிக் கதிர்களையெல்லாம் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ என்கிற நுண்துகள் மட்டும் பாறையை மதிக்காமல் ஊடுருவி வரும், ஆகவே அவ்வளவு ஆழத்தில் தேடினால் கலப்படம் இல்லாமல் பிடிக்கலாம் என்பது கணக்கு. 1965இல் பிடித்தார்கள். காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடயம் உலகத்தில் முதலில் பதிவானவற்றில் ஒன்று இது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்திலும் கண்டார்கள். அந்தக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் எங்கள் லைன் ஆட்கள்தான். என்ன தூக்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

சரி, மேலே பார்க்க என்ன இருக்கிறது? நிறைய. ஓட்டுக்கூரை இடிந்த வெள்ளைக்காரர் பங்களாக்கள், குளிர்காய்கிற அடுப்போடு. சாஃப்ட்டுக்கு மேல் துருப்பிடித்து நிற்கிற ஹெட்கியர் என்கிற இரும்புக் கோபுரங்கள். கேஜை ஏற்றி இறக்கிய இயந்திரம் இருந்த வைண்டர் அறைகள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து கட்டியவை. அதற்கு முன்பே லாவெல் என்கிற ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டிப் பார்த்திருக்கிறார். பெங்களூரில் லாவெல் சாலை என்று காபி குடிக்கப் போகிறார்களே, அவர்தான். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் எங்களுக்குத்தான் முதலில் வந்தது, பெங்களூருக்கு 1905இல். இதை ஊரில் எவனைக் கேட்டாலும் சொல்வான், நானும் சொல்லிவிட்டேன்.

ஆனால் முருகேசா, இங்கே வந்து படம் எடுக்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. காலியான பங்களாவைத் தேடுகிறார்கள். அதற்குப் போகிற வழியில் லைன் வீடுகளைத் தாண்டுகிறார்கள். எட்டுக்குப் பத்து அறை, தகரக் கூரை, வாசலில் குடம். அதில் ஆள் இருக்கிறது, ஆகவே படத்துக்கு ஆகாது. அங்கே திண்ணையில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் நுரையீரலில் சுரங்கத்துத் தூசு இன்னும் இருக்கிறது. அவரிடம் வழி மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த ஊர் செத்த ஊர் என்று தலைப்புப் போடுகிறார்கள். காலை வண்டியில் இடம் பிடிக்க வந்து பார்க்கட்டும், செத்த ஊரா என்று தெரியும்.

மைன்ஸ் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள். ஒரு காலத்தில் சுற்று வட்டாரத்துக்கே பெரிய ஆஸ்பத்திரி. சுரங்கத்தோடு அதுவும் மூடிப்போய் ஒட்டடை அடைந்து கிடந்தது. படம் எடுக்கிறவர்களுக்குப் பிடித்த இடம். 2021இல் கொரோனா இரண்டாம் அலை வந்ததும் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் கூடிக் குப்பை வாரிச் சுத்தம் செய்தார்கள், கட்டில் போட்டு வார்டு ஆக்கினார்கள். பாழடைந்தது என்று எதைச் சொல்வது? தேவைப்பட்டபோது அது ஆஸ்பத்திரிதானே.

இன்னொன்று, நம் ஆட்களே மறந்தது. வடாற்காட்டிலிருந்து வந்த நம் சனங்கள் இங்கே சுரங்கம் மட்டும் தோண்டவில்லை. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை, அவருக்குப் பிறகு, 1926இலிருந்து சில ஆண்டுகள் இங்கிருந்து அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து வெளிவந்தது. ஷிப்ட் முடித்து வந்து தமிழில் பத்திரிகை படித்த ஆட்கள். அந்த இடங்களைக் காட்ட என்னால் முடியும். அதற்கு டார்ச் வேண்டாம்.

சயனைடு மேட்டைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், சினிமாக்காரர்கள் காட்டிவிட்டார்கள். கல்லை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய சாம்பல் நிறத் தூள், மொத்தம் மூன்று கோடி டன்னுக்கு மேல். பார்க்க அழகு. ஆடிக் காற்றில் அந்தத் தூள் எங்கள் சோற்றில் விழும். மழை அறுத்த ஓடைகளின் விளிம்பு சட்டென்று சரியும், அதன் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம்.

ஆகவே ஆடி கழிந்து வரச் சொல். வேலி போட்ட இடத்துக்குள் நுழையக் கூடாது, காவலாளியிடம் சண்டை போடக் கூடாது, இது என் நிபந்தனை. ஒரு நாள் முழுக்க என்னோடு நடக்க வேண்டும். பாறையில் துளை போட்ட பழைய டிரில்லர் ஒருவர் இருக்கிறார், ஆழத்தில் எந்த மட்டத்தில் எந்த முனையில் பாறை பேசும் என்று இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வார். அவர் பேச்சைப் பதிவு செய்ய இவன் கருவி கொண்டுவந்தால் நன்றாயிருக்கும். போனில் அதை வைத்துக்கொள்ள இடம் இல்லை என்கிறான் என் மகன்.

ஜோலார்பேட்டையிலிருந்து பங்காருப்பேட்டை, அங்கே இறங்கி மாரிக்குப்பம் வண்டி. நீயும் வந்தால் இன்னும் சந்தோஷம். வீட்டில் இடத்துக்குக் குறைவில்லை, மூட்டுவலிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து புலம்பத் திண்ணையும் இருக்கிறது.

உன் தம்பியோடு நிலத் தகராறு ஒன்று இருந்ததே, அது என்ன ஆயிற்று? போன கடிதத்திலேயே கேட்டேன், நீ அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்ததிலாவது எழுது.

அன்புடன்,
உன் தனபால்