பாப்பாவை எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளாதவர்களுக்கு

அனுப்பர்பாளையத்து லைன் வீட்டு அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், மூணாவது வீட்டு அமுச்சிக்கும் (பாட்டியை இந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்), கோவை அரசு மருத்துவமனைப் பச்சிளங்குழந்தை வார்டு சிஸ்டர்களுக்கும், எங்கள் பகுதி நர்சம்மாவுக்கும், கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

பாப்பாவுக்கு வருகிற ஆவணியில் காதுகுத்து வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் நாலு பேர் ஆசை. கல்யாணம் ஆகாத பையன்கள் நாலு பேர் ஒரு கைக்குழந்தையைத் தேற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சில் உங்களில் ஒருவர்கூட வருவதில்லை. அது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் ரூமில் ஒருவன் நிட்டிங், ஒருவன் கட்டிங், ஒருவன் செக்கிங், நான் டெய்லர். எல்லாருக்கும் ஊர் தேனிப் பக்கம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறியும் சினிமாவும் என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை. செக்கிங் பார்க்கிறவனின் அக்காவுக்கு எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிட்டது. 33 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். எடை 1 கிலோ 700 கிராம். அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ் வரைக்கும் போனது. மச்சான் ஐசியூ வாசலை விட்டு நகர முடியாது. இரண்டு பக்கமும் பாட்டிமார் இல்லை. குழந்தை தேறி டிஸ்சார்ஜ் எழுதியபோது தாய்க்காரி இன்னும் கண் திறந்து பேசவில்லை. தாய்மாமன் இருக்கிற இடம்தானே அடுத்த வீடு? பாப்பா எங்கள் ரூமுக்கு வந்தது.

வார்டு சிஸ்டர்களுக்குத்தான் முதல் நன்றி. எடை குறைந்த குழந்தையை வெறும் நெஞ்சில் சாய்த்து வைக்கிற கங்காரு பராமரிப்பைப் பற்றி அதற்கு முன் நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் இதைத் தொடங்கினார்களாம். "அம்மாதான் வேணும்னு இல்லப்பா, நெஞ்சு சூடா இருந்தாப் போதும். குளிச்சிட்டு வா" என்று தாய்மாமனை உட்காரவைத்தார் ஒரு சிஸ்டர். குல்லாவும் சாக்ஸும் நாப்கினும் மட்டும் போட்டு, கால் இரண்டையும் தவளைபோல மடக்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூச்சு தடைபடாதபடி நிமிர்த்திக் கட்டிவிட்டார். பெண்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ரூமில் மற்ற மூன்று பேர் இருக்கிறோம் என்றதும் எங்களையும் வரவழைத்துக் கற்றுக்கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டரைக் கிலோ ஆகும்வரை நெஞ்சு மாற்றி நெஞ்சு பாப்பாவைச் சுமந்தோம். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவன் குளித்துவிட்டு வாங்கிக்கொள்வான், பகல் ஷிப்டுக்காரன் கிளம்புவான்.

முகம் தெரியாத அம்மாக்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்தவரை பாப்பா குடித்தது தாய்ப்பால் வங்கியில் அவர்கள் கொடுத்த பால். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டே, பாலைப் பீய்ச்சிக் கொடுத்திருக்கிறார்கள். அதை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கி, உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள். குறைமாதக் குழந்தைக்கு அது மருந்து மாதிரி என்று டாக்டர் சொன்னார். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் வந்ததாம். இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் கம்பெனியில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறோம். பால் அதிகமாகச் சுரக்கிற அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் எழுதிக் கொடுத்த பால் பவுடர். பாட்டில் வேண்டாம், மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் கொடுங்கள், கழுவுவது சுலபம் என்றார்கள். எதிர்வீட்டுப் பாத்திரப் பட்டறை அண்ணனிடம் சொன்னோம். அன்று சாயங்காலமே ஒரு எவர்சில்வர் பாலாடையோடு வந்தார். கடையில் வாங்கியதுதான், ஆனால் மூக்கின் ஓரத்தை மறுபடியும் பாலிஷ் பிடித்திருந்தார். தன் உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப அறுக்காதுங்க, கொதிக்க வெச்சுட்டுக் குடுங்க" என்றார். இடது கையில் தலையைத் தாங்கி, பாலாடை மூக்கை உதட்டோரம் வைத்து, ஒவ்வொரு மடக்காகச் சரித்து, விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்ததைச் சரிக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்ட வேண்டும். அந்த அண்ணன் காசு வாங்கவே இல்லை.

துணிக்கு எங்கள் கம்பெனியே இருந்தது. கட்டிங் மாஸ்டர், டேபிளில் விழுகிற வெள்ளை இன்டர்லாக் துணியில் சாயமும் பிரிண்டும் படாததாகத் தேடி எடுத்து முதலாளியிடம் கேட்டுவிட்டே கொடுத்தார். பவர் டேபிள் அக்காக்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சட்டை தைத்தார்கள். ஓவர்லாக் தையல் உறுத்தும் என்று தட்டையாகப் படிகிற பேட்லாக் தையல் ஓட்டி, தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைத்துக் கொடுத்தார்கள். அளவுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? என் உள்ளங்கையை விரித்து வைக்கச் சொல்லி டேப் பிடித்தார்கள். வெளிநாட்டுக்கு எத்தனையோ குழந்தைச் சட்டை தைத்து அனுப்புகிற கைகள். ஆனாலும் அந்தச் சட்டையை முடித்ததும் ஓர் அக்கா அதைக் கன்னத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். சூப்பர்வைசர் அண்ணன் எனக்கு ஒன்றரை ஷிப்ட் போடாமல் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, மாற்றிவிட்டார். அதனால்தான் பகல் நேரம் கிடைத்தது.

மூணாவது வீட்டு அமுச்சியைப் பற்றி எழுத இந்த மடல் போதாது. தூளி கட்ட எங்களிடம் சேலை ஏது? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன தன் நூல் சேலையைக் கொண்டுவந்து கட்டிவிட்டார். வசம்பு உரைத்து நாக்கில் தடவ வேண்டும் என்பது அவர் பழக்கம். ஆறு மாதத்துக்குப் பாலைத் தவிர எதுவும் கூடாது, தேன்கூடக் கூடாது என்று நர்சம்மா சொன்னதும், "அப்படிங்களா? சரிங்க சாமி, இந்தக் காலத்துப் படிப்பு" என்று கேட்டுக்கொண்டு, வசம்பைத் தூளிக் கயிற்றில் கட்டிவிட்டார். ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தவர் அவர். தன் வயதில் பாதிகூட ஆகாத ஒருவர் சொன்னதை முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டாரே, அந்த மனசை நாங்கள் மறக்க மாட்டோம். எடை கூடும்வரை வெதுவெதுப்பான துணியால் துடைப்பு மட்டும்தான். அப்புறம் குளிப்பாட்டலாம் என்று வந்தபோது, அமுச்சி தன் காலில் பாப்பாவைப் போட்டுக்கொள்ளவில்லை. "காலை நீட்டி உக்காரு கண்ணு" என்று என்னை உட்காரவைத்து, என் காலில் கிடத்தி, தண்ணீரை மட்டும் அவர் ஊற்றினார்.

கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் உங்களுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். தப்பாகவும் நினைத்திருக்க மாட்டோம். நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றீர்கள்.

நர்சம்மா புதன்கிழமை தடுப்பூசிக்கு முந்தின நாளே வீடு தேடி வந்து ஞாபகப்படுத்துவார். குறைமாதக் குழந்தை என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, பிறந்த தேதியைத்தான் கணக்கு வைக்க வேண்டும் என்று சொல்லி, ஆறாவது வாரத்தில் ஐந்து நோய்க்கும் ஒரே ஊசியான பென்டாவேலன்ட் போடவைத்தவர் அவர். இரண்டு கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். விட்டால் பார்வையே போகலாமாம். பாப்பா இன்றைக்குத் தூரத்தில் போகிற பஸ்ஸைக் கைகாட்டுகிறது என்றால் அதில் அவர் பங்கு உண்டு.

ஓனர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. பேச்சிலர்களுக்கு வீடே கிடைக்காத ஊரில் வீடு கொடுத்தவர்கள். ராத்திரி அழுகைச் சத்தத்துக்கு ஒருநாளும் கதவைத் தட்டவில்லை. தட்டிய ஒரே நாளில் ஓனரம்மா கையில் வெந்நீர்ப் பிளாஸ்க் இருந்தது.

அக்கா தேறிவிட்டார். டயாலிசிஸ் நின்றுவிட்டது, பிரஷர் மாத்திரை மட்டும் ஓடுகிறது. வீட்டுக்கு வந்த அன்று பாப்பாவைக் கொடுத்தபோது எதைப் பார்த்தாலும் எங்களிடம் கேட்டார்: எப்போது தூங்கும், எந்தப் பக்கம் சாய்த்தால் ஏப்பம் வரும், எந்தச் சட்டை பிடிக்கும். எல்லாவற்றுக்கும் எங்களால் பதில் சொல்ல முடிந்தது. நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான் அது.

காதுகுத்து எங்கள் ஊர்க் குலதெய்வக் கோயிலில். மாமன் மடி ஒன்றுதான், ஆனால் நாலு மாமன் சீரும் உண்டு. சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி வாசலிலிருந்து வேன் கிளம்பும். அமுச்சிக்கு முன் சீட் வைத்திருக்கிறோம். யார் யார் வருகிறீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், சமையலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் மாமன்கள் நாலு பேர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்