விஷன் சிஸ்டம் அமைத்துத் தருபவர்களுக்கு: கான்ஃபிக் ஃபைலை எங்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள்

ஆலைகளில் கேமரா வைத்துத் தரச் சோதனை நிலையம் அமைத்துத் தரும் நிறுவனத்தாருக்கும், அதற்குப் புரோகிராம் எழுதும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

ஓசூர் பக்கம் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் மெஷினை ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு, வருஷக்கணக்கில் அதைக் கட்டிக் காப்பது எங்களைப் போன்றவர்கள்தான். உங்கள் கேமராவிலோ லென்ஸிலோ எனக்குக் குறை இல்லை. குறையெல்லாம் கான்ஃபிக் ஃபைலில், அதாவது மெஷின் எப்படி ஓட வேண்டும் என்ற மதிப்புகளை எழுதி வைக்கும் ஃபைலில்தான்.

பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுவிடுகிறீர்கள். ஒரு பிக்சலுக்கு எத்தனை மில்லிமீட்டர், ட்ரிக்கர் தாமதம் (பாகம் வந்தது தெரிந்து எவ்வளவு நேரம் கழித்துப் படம் எடுப்பது), கெட்ட பாகத்தைத் தள்ளும் ரிஜெக்ட் சிலிண்டர் எப்போது தட்ட வேண்டும் என்பவை அந்த மெஷினுக்கு மட்டும் உரியவை. விட்டம், டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) எல்லாம் பாகத்துக்கு உரியவை. இரண்டும் கலந்து கிடந்தால், முதல் லைனில் நன்றாக ஓடும் ரெசிபியை (ஒரு பாகத்துக்கான அமைப்புகளின் தொகுப்பை) இரண்டாம் லைனுக்கு காப்பி செய்யும்போது காலிபரேஷனும் (பிக்சலை மில்லிமீட்டராக மாற்றும் அளவும்) கூடவே போய்விடும். அங்கே கேமரா சற்று உயரத்தில் இருந்து, படம் ஒரே ஒரு சதவீதம் சிறிதானால் போதும். 40 மி.மீ. விட்டம் 39.6 என்று வரும். நல்ல பாகம் ரிஜெக்ட் ஆனால் உடனே தெரிந்துவிடும், அது பரவாயில்லை. ஆனால் 40.4 உள்ள கெட்ட பாகம் 40 என்று ஓகே ஆகி வெளியே போகும். வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் மாட்டினால்தான் நமக்குத் தெரியவரும். மெஷினுக்கு ஒரு ஃபைல், பாகத்துக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துக் கொடுங்கள்.

அடுத்தது, ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் எழுதுங்கள். கீறல் பார்க்கும் நிலையத்தில் எக்ஸ்போஷர் (கேமரா ஒளியை வாங்கும் நேரம்) 50 மைக்ரோ செகண்ட் என்று மட்டும் இருக்கும். கன்வேயர் நொடிக்கு 500 மி.மீ. ஓடினால் அந்த நேரத்தில் பாகம் 0.025 மி.மீ.தான் நகரும், அதனால்தான் 50. இது உங்களுக்குத் தெரியும். நைட் ஷிஃப்ட்டில் படம் இருட்டாக வருகிறதே என்று பார்க்கும் ஆபரேட்டருக்குத் தெரியாது. அவர் 400 ஆக்குவார். படம் பளிச்சென்று ஆகிவிடும், ஆனால் பாகம் 0.2 மி.மீ. இழுபட்டு மெல்லிய கீறல் மறைந்துபோகும். உண்மையில் லைட்டின் கண்ணாடியில் கூலன்ட் படிந்திருந்திருக்கும். “இருட்டாக வந்தால் இதைத் தொடாதீர்கள், கண்ணாடியைத் துடையுங்கள்” என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தால் போதும். எக்ஸ்எம்எல், யாமல் என்ற ஃபைல் வடிவங்கள் இரண்டிலும் குறிப்பு எழுத இடம் உண்டு. ஜேசான் வடிவத்தில் அது கிடையாது, அதனால் அங்கே விளக்கத்துக்கென்றே தனியாக ஒரு வரி வையுங்கள்.

ஃபைலில் ஓர் அமைப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் சில மென்பொருள்கள் சத்தமில்லாமல் டீஃபால்ட் மதிப்பை எடுத்துக்கொண்டு ஓடுகின்றன. இதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது. எந்த வரியில் தவறு என்று சொல்லிவிட்டு மெஷின் நிற்க வேண்டும். உற்பத்தி பத்து நிமிஷம் நின்றால் சமாளித்துக்கொள்வோம்.

அப்புறம், கேமராவை சீரியல் நம்பரால் தேடும்படி எழுதாதீர்கள். ராத்திரி கேமரா பழுதாகி ஸ்டோரிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினால், சிஸ்டம் அதைக் கண்டுகொள்ளாது. கிக்-ஈ விஷன் (ஈதர்நெட் கேபிளில் இணையும் கேமராக்களுக்கான தரநிலை) கேமராக்களில் நாமே பெயர் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். பாஸ்வேர்டையும் ஒரிஜினல் ஃபைலின் பேக்கப்பையும் எங்கள் கையில் கொடுங்கள். மெஷின் எங்களுடையது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஒப்படைக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், எங்கள் ஆள் கேமராவைக் கழற்றி வேறொன்றை மாட்டி, காலிபரேஷன் செய்து, ஃபைலை ஏற்றட்டும். அதன் பிறகு மாஸ்டர் பாகங்களில் (நல்லதா கெட்டதா என்று முன்பே தெரிந்த மாதிரிப் பாகங்களில்) நல்லதும் கெட்டதும் சரியாகப் பிரிந்து விழுந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பொறியாளர், ஓசூர்