நாலாவில் இறங்கிய எண்ணெய்

செம்பூர், மும்பை

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? மகள் காலேஜில் சேர்ந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

போன வாரம் எங்கள் பக்கத்து நாலாவில், அதாவது மழைநீரும் சாக்கடையும் போகிற பெரிய வாய்க்காலில், கழிவு எண்ணெய் இறங்கிவிட்டது. ஏதோ ஒரு கிடங்கிலிருந்து வந்ததாம். நாலா போய்ச் சேருவது மாகுல் கழியில். அதைத் தாண்டினால் தாணே கழி. 2022-இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததே, பூநாரைகள் வந்து இறங்குமே, அதேதான்.

ரிஃபைனரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நெல்லைக்காரர் ஒருவர் இங்கே இருக்கிறார். கடல் ஓதம் எட்டாத குறுகலான இடமாகப் பார்த்து மணல் மூட்டை அடுக்கச் சொன்னார். நடுவே குழாய்களைச் சாய்த்து வைத்தோம். எண்ணெய் நிற்கிற பக்கத்து வாய் தண்ணீரின் அடியில், மறுபக்கத்து வாய் கொஞ்சம் மேலே. அடித்தண்ணீர் குழாய் வழியே போய்விட, மேலே மிதக்கிற எண்ணெய் மட்டும் மூட்டையில் முட்டி நின்றது. உறிஞ்சு லாரி வந்து அதை எடுத்தது. சோப்புக் கரைசல் ஊற்றலாம் என்று சிலர் கிளம்பினார்கள், அவர் விடவில்லை. எண்ணெய் கண்ணுக்கு மறையுமே தவிர, கரைந்து சேற்று நண்டு வரைக்கும் போய்விடும் என்றார்.

அதற்குள் தப்பிப் போன கொஞ்சம் கழியோரத்து அலையாத்திக் காட்டுக்குள் ஏறிவிட்டது. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்களில், ஓதம் ஏறிய மட்டத்துக்கு ஒரே கறுப்புக் கோடு. வேரின் துளை அடைபட்டால் மரம் மூச்சுக்குத் திணறும். துடைக்கலாம் என்று உள்ளே இறங்கினால் நம் கால்பட்டே எண்ணெய் சேற்றில் புதையும். காற்றில்லாத சேற்றில் அது வருஷக்கணக்கில் கிடக்கும். 2010-இல் எம்எஸ்சி சித்ரா கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வாஷி, உரண் பக்கத்து அலையாத்திகள் பட்ட பாடு இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், மறிப்பதென்றால் நாலாவிலேயே மறித்துவிட வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் வந்தபோது, உங்கள் ஆட்கள் படகில் உட்கார்ந்து வெறுங்கையால் அள்ளிய படங்களைப் பார்த்து அன்று நான் சாப்பிடவில்லை. பிழைப்பைப் பறிகொடுத்தவனே நஞ்சையும் அள்ள வேண்டுமா? இங்கே கையுறை, பூட்ஸ் வராமல் ஒரு பையனையும் இறங்க விடவில்லை. எண்ணெய் குடித்த வைக்கோலையும் கயிற்று நாரையும் குப்பையில் போட விடாமல், தனியாகக் கட்டி அபாயக் கழிவு எடுக்கும் வண்டியில் ஏற்றினோம்.

இங்கே கோலிவாடா என்கிற மீனவர் குடியிருப்புக்காரர்கள் ஒன்று கேட்கச் சொன்னார்கள். வலையில் ஒட்டின எண்ணெயை நீங்கள் எப்படி எடுத்தீர்கள், இல்லை வலையையே மாற்றினீர்களா? இறால் பழையபடி கிடைக்க எவ்வளவு நாள் ஆயிற்று? அண்ணனிடம் கேட்டுச் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
முத்து