ஒரு மா நிலத்துக்கு 100 ரூபாய்: நெற்பயிரின் பச்சையை அளக்கும் கருவிக்கு நன்கொடை வேண்டுகிறோம்

வெண்ணாற்றுப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் நம் ஊர்ப் பெரியோர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் விவசாயிகள் குழுவின் வணக்கம்.

நட்ட பின் வளரும் பயிருக்குப் போடும் மேலுரம் என்று வந்தால் நம்மில் பலர் பக்கத்து வயலைப் பார்த்துத்தான் போடுகிறோம். மானியத்தில் 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் கையும் தாராளமாகப் போகிறது. பயிர் கருகருவென்று நிற்கும். பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் வரும். ஆந்திரா பொன்னி ரக நெல் என்றால் குலைநோயும் சேர்ந்துகொள்ளும். பயிர் எடுத்தது போக யூரியாவில் மீதித் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடும் வடிகாலோடும் போய்விடுகிறது.

நாங்கள் வாங்க நினைப்பது கையில் பிடிக்கும் ஒளிக்கருவி. பயிருக்கு மேலே இரண்டு மூன்று அடி உயரத்தில் பிடித்து நடந்தால், அது சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, திரும்பி வருவதை அளக்கும். செழித்த பயிர் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். பயிர் நன்றாக இருந்தால் கருவி காட்டும் எண் 1-ஐ நெருங்கும். வெளிச்சம் கருவியிலேயே இருப்பதால் மேகமூட்டத்திலும் அளக்கலாம். ஐப்பசியில் நமக்கு அதுதான் வேண்டும். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் கோதுமைக்காக வளர்த்தெடுத்த முறை இது. லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் கோதுமையிலும் நெல்லிலும் சோதித்திருக்கிறது.

எண் மட்டும் போதாது. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு வயலில் சிறு பட்டை நிலத்துக்குத் தழைச்சத்தைக் குறையில்லாமல் கொடுத்து வைக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால்தான் மற்ற வயல்களுக்கு இன்னும் உரம் தேவையா என்று தெரியும். பட்டைக்கு இடம் தருகிறவருக்கு நஷ்டம் வந்தால் குழு ஈடுகட்டும். நன்கொடையில் ஒரு பங்கு அதற்கே. பஞ்சாபின் கணக்கு நம் மண்ணுக்கும் ரகத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆகவே முதல் சம்பாவில் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையையும் கூடவே வைத்துப் பார்ப்போம். கருவியை மட்டும் நம்பி உரத்தைக் குறைக்கும்படி யாரையும் சொல்ல மாட்டோம்.

நிலம் உள்ளவர்கள் ஒரு மா நிலத்துக்கு 100 ரூபாய் தர வேண்டுகிறோம். குத்தகைக்குச் செய்பவர்கள் எதுவும் தர வேண்டாம், அவர்கள் வயலும் அளக்கப்படும். வெளியூர்ப் பிள்ளைகள் மனம்போல் கொடுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு; வரவு செலவு கூட்டுறவுச் சங்க வாசலில் ஒட்டப்படும். ஆவணி முடிவதற்குள் பணம் சேர்ந்தால், இந்தச் சம்பாவின் தூர் கட்டும் பருவத்திலேயே கருவி வயலில் இறங்கிவிடும்.