மெனுவில் ஒரு வரி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குக் காரணம் மாணவர்கள் கட்டுகிற வெப்சைட். கோபித்துக்கொள்ளாதே.

இந்தப் பருவத்தில் வெப் டிசைன் வகுப்பு என் தலையில் விழுந்தது. கல்லூரியில் படித்துப் போனவர்களின் ஓவியங்களுக்கு ஒரு தளம், அதுதான் வேலை. கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு கலை உலகத்தின் ஆண் ஆதிக்கத்தைக் கேள்வி கேட்கிற பெண் கலைஞர் குழுவான கெரில்லா கேர்ள்ஸின் 1989 போஸ்டரைக் காட்டித் தொடங்கினேன். அன்றைக்கு நியூயார்க் மெட் மியூசியத்தின் நவீன கலைப் பிரிவில் கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களிலோ 85 சதவீதம் பெண்கள். வகுப்பே கொதித்தது. ஒரு பெண்ணுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

அடுத்த வாரம் அதே பெண்ணின் குழு மெனு வரைந்துகொண்டு வந்தது: முகப்பு, ஓவியர்கள், பெண் ஓவியர்கள், தொடர்புக்கு.

"ஆண் ஓவியர்கள் எங்கேம்மா?" என்றேன்.

"அதான் மேடம், 'ஓவியர்கள்'னு இருக்கே."

சொல்லி முடித்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். 2013இல் விக்கிப்பீடியாவில் நடந்ததும் இதுதானே? அமெரிக்க நாவலாசிரியர்கள் பகுப்பிலிருந்து பெண்களை மட்டும் எடுத்து, 'பெண் நாவலாசிரியர்கள்' என்று தனியே நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அது வெளியே தெரிந்து பெரிய சண்டையானது. கெட்ட எண்ணம் இருந்தால்தான் என்றில்லை, ஒரு மெனு போதும்.

"டிசைன் சொல்லிக்கொடுக்கச் சொன்னா அரசியல் பேசுறீங்களே" என்று மேலிடத்தில் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். மெனு வைப்பதுதான் சார் டிசைன் என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

இணையம், கணினி சார்ந்த பெண்ணியத்தைச் சைபர் ஃபெமினிசம் என்பார்களே, ஒரு பையன் அதற்கு ஒரே வரியில் விளக்கம் கேட்டான். 1997இல் ஜெர்மனியில் காசல் நகரத்தில் கூடிய பெண்கள் அதற்கு விளக்கமே சொல்லவில்லை, எதெல்லாம் அது இல்லை என்று 100 வரி எழுதிவைத்தார்கள் என்றேன். பாவம், நோட்டை மூடிவிட்டான். எனக்கு அந்தக் குசும்பு ரொம்பப் பிடிக்கும்.

உண்மையான தலைவலி பெயர்கள்தான். படிக்கும்போது ஒரு பெயர், கல்யாணத்துக்குப் பிறகு வேறு பெயர். டேட்டாபேஸுக்கு அது இரண்டு ஆள். முதல் ஆள் திடீரென்று வரைவதை நிறுத்திவிட்டதாகத் தெரியும், இரண்டாவது ஆள் எங்கேயும் படிக்காமலே வந்து குதித்ததாகத் தெரியும். இப்போது ஒருவருக்கு ஒரே பதிவு, அதற்குள் 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். எந்தப் பெயரில் தேடினாலும் அந்த ஒரே பக்கத்துக்குப் போகும். பட்டியலும் ஒன்றே ஒன்றுதான், சேர்ந்த வருட வரிசையில்.

அப்படி இரண்டாகக் கிடந்தவர்களில் நீயும் ஒருத்தி, தெரியுமா? கடைசி வருடம் நீ வரைந்த சுய உருவப்படம் ஸ்டோரில் அகப்பட்டது, ஸ்கேன் செய்தாகிவிட்டது. பார்வையற்றவர்களுக்கு ஸ்க்ரீன் ரீடர் வாசித்துக் காட்டுமே, அந்த ஆல்ட் வரியில் ஒரு பிள்ளை 'அழகான பெண்' என்று எழுதியிருந்தான். படத்தில் கையில் தூரிகை இருக்கிறது, முழங்கைவரை நீலச்சாயம், பின்னால் பாதி முடிந்த கான்வாஸ். அவன் எழுதியதை மட்டும் கேட்கிறவருக்கு அது எதுவுமே இல்லை. அழித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

நீயே எழுதி அனுப்புடி. இரண்டு பெயரில் எது மேலே வரவேண்டும் என்பதையும் சொல். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

அன்புடன்,
மாலதி